வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவி

கடிதம்:

தம்பி, நான் மார்த்தாண்டம் பக்கம், ரிட்டயர்டு டீச்சர். எனக்க வீட்டுக்காரரு போய் ரெண்டு வருஷம் ஆகப்போவுது. மக மஸ்கட்ல நர்ஸ், மகன் கனடால. பகல் எப்படியும் போயிரும், பால்காரன் வருவான், ரப்பர் வெட்ட ஆள் வருவாரு, ஆறு மணிக்கு மேலதான் வீடு ரொம்ப பெருசாயிடுது. ஒருத்திக்கு என்னத்த பொங்கன்னு பாதி நாள் ராத்திரி பிஸ்கட்டும் தண்ணியும்தான். சர்ச்ல சொன்னா "ஆண்டவர் கூட இருக்காருல்லா டீச்சர், நல்லா ஜெபம் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு போயிருவாங்க. ஜெபம் பண்ணத்தான் செய்யேன், முழங்கால்ல நின்னா சொவருதான் தெரியுது. எனக்கு விசுவாசம் கொறஞ்சு போச்சா? பேர் போடாண்டாம்.

பதில்:

அக்கா, கொறையல. இத முதல்லயே சொல்லிடுறேன், கடைசி வரியில கேட்டிருந்தாலும் உங்கள ராத்திரி முழிக்க வைக்கிறது இந்த கேள்விதான்னு தோணுது.

102-ம் சங்கீதம் எடுங்க. நாலாம் வசனத்துல அத பாடுனவன் "என் போஜனத்தைப் புசிக்க மறந்தேன்"ங்கிறான், ஏழாம் வசனத்துல தூக்கமில்லாம முழிச்சிருந்து "வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவி" மாதிரி இருக்கேங்கிறான். உங்க பிஸ்கட்டும் தண்ணியும், ஆறு மணிக்கு மேல பெருசாகுற வீடும் அப்படியே அதுல இருக்கு. இத பைபிள்ல இருந்து யாரும் எடுத்து போடல, அவிசுவாசின்னு அவன யாரும் திட்டல, ஜெபம்னே வச்சிருக்காங்க. அப்போ நீங்க சொவரப் பாத்துக்கிட்டு சொல்றதும் ஜெபம்தான்.

எலியா தீர்க்கதரிசிய பாருங்க, சூரைச்செடிக்கு அடியில படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிர எடுத்துக்கோன்னு சொல்லிட்டு தூங்கிட்டாரு. தூதன் வந்து எழுப்புனான், பிரசங்கம் பண்ணல, உன் விசுவாசம் எங்கன்னு கேக்கல, எழும்பி சாப்பிடுன்னு சொன்னான், தலைமாட்டுல தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரத்துல தண்ணியும் இருந்துது, சாப்பிட்டு மறுபடி படுத்தவர திரும்பவும் தட்டி எழுப்பி இன்னும் சாப்பிடு, போக வேண்டிய தூரம் ரொம்பன்னான். ஆண்டவர் மெல்லிய சத்தத்துல பேசினதெல்லாம் அப்புறம், நாப்பது நாள் நடந்து ஓரேப் மலைக்கு போன பிறகுதான். முதல்ல வந்தது அடை. அங்கயும் ஆண்டவர் அவர தனியா விடல, எலிசாங்கிற ஒருத்தர தேடி போகச் சொல்லி அனுப்புனாரு. ஆண்டவர் கூட இருக்காருங்கிறதுக்காக மனுஷங்க வேண்டாம்னு ஆகாது அக்கா, மனுஷன் தனிமையா இருக்கிறது நல்லதல்லன்னு சொன்னதே அவருதானே.

சர்ச்ல உள்ளவங்க சொன்னது தப்புன்னு சொல்லல, சொல்லிட்டு போயிட்டாங்களே, அதுதான் எனக்கு வருத்தம். நம்ம ஊர் கதைதான், பிறகு விசுவாசத்துக்காக உயிர விட்ட தேவசகாயம் பிள்ளை, கிறிஸ்தவர் ஆகுறதுக்கு முன்ன நீலகண்ட பிள்ளையா இருந்த காலத்துல வீட்டுல நஷ்டத்து மேல நஷ்டம் வந்து மனசொடிஞ்சு இருந்தப்போ, 1741-ல குளச்சல் போர்ல பிடிபட்டு பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவுக்கு படைத்தலைவனான டச்சுப் படை அதிகாரி டிலனாய், அவர்கிட்ட பைபிள்ல எல்லாத்தையும் இழந்து நின்ன யோபு கதையத்தான் சொன்னாராம். அந்த டிலனாய் கல்லறை இப்பவும் புலியூர்குறிச்சி உதயகிரி கோட்டைக்குள்ள இருக்கு, போனா நான் அங்க கொஞ்ச நேரம் நிக்காம வரமாட்டேன். ஊர விட்டு வந்து சிக்கின ஒரு வெளிநாட்டுக்காரன் நொந்து போன இன்னொருத்தன்கிட்ட பேசினதுல தொடங்குன விசுவாசம் அது. யோபுக்க கூட்டுக்காரங்களும் முதல் ஏழு நாள் ராவும் பகலும் அவன்கூட தரையில சும்மா உக்காந்திருந்தாங்க, ஒரு வார்த்தை பேசல, வாய திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டுது.

எங்க அம்மா கதை ஒண்ணு சொல்றேன். எங்க வீட்டுல ராத்திரி ஜெபத்துல சங்கீதத்த அப்பா ஒரு வசனம் அம்மா ஒரு வசனம்னு மாறி மாறி வாசிப்பாங்க. அப்பா போன பிறகு நான் லீவுக்கு போயிருந்தப்போ பாக்கேன், அம்மா தனியா உக்காந்து ஒரு வசனம் வாசிக்கா, நிறுத்துறா, விரல் மட்டும் அடுத்த வரியில மெதுவா நகருது, கண்ணாடிய ஒருக்கா மேல தள்ளிக்கிறா, பிறகு அதுக்கு அடுத்த வசனம் வாசிக்கா. என்னம்மா விட்டு விட்டு வாசிக்கேன்னு கேட்டேன். "அது அப்பாக்க வசனம் மக்கா, ஆண்டவரு வாசிக்கட்டு." அம்மாவுக்கு சத்தம் ஏதும் கேட்டுதான்னு நான் கேக்கல. ஆனா அந்த நேரம் அந்த ரூம்ல அம்மா தனியா இருந்தான்னு என்னால சொல்ல முடியாது.

இன்னைக்கு ராத்திரி 102 வாசிங்க, மொத்தம் 28 வசனம், ஒண்ணு நீங்க, ஒண்ணு விட்டுடுங்க. மகளுக்கு போன் போட்டு அவகிட்டயும் எனக்கு தனியா இருக்குன்னு வாய திறந்து சொல்லுங்க, நல்லா இருக்கேன்னே சொல்லிட்டு வைக்காதீங்க. அதுக்கெல்லாம் முன்ன ஒரு பிடி அரிசி போட்டு கஞ்சி வையுங்க, கூட கொஞ்சம் பயறும். வச்சீங்களான்னு எனக்கு எழுதுங்க அக்கா, நான் பாத்துக்கிட்டு இருப்பேன்.