ஷேரிங் வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் கிளம்பினால் அட்வான்ஸ் யார் தருவது?

வேளச்சேரியில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த வீட்டிலிருந்து நீங்கள் மட்டும் கிளம்புகிறீர்கள். "எல்லாரும் காலி செய்தால்தான் அட்வான்ஸ்" என்கிறார் ஓனர். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். உங்கள் வீடு இன்னும் காலியாகவில்லையே!

ஆகவே உங்கள் பங்கை, உங்கள் இடத்துக்கு வருபவரிடம் வாங்குங்கள். அவர் பெட்டியை உள்ளே வைக்கும் முன்பே பணம் வந்துவிட வேண்டும். "சம்பளம் வந்ததும் தரேன்" கதையெல்லாம் வேண்டாம். மற்ற மூவரும் ஓனரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் "என் பங்கு இவருக்கு மாறிவிட்டது" என்று எழுதி, ஓனரிடம் ஒரு 'சரி' வாங்கிவிடுங்கள். அக்ரிமெண்ட் உங்கள் பெயரில் இருந்தால் இது போதாது, பெயர் மாற்றிப் புதிதாக எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் கரண்ட் பில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே ரீடிங் எடுப்பார்கள்? கிளம்பும் அன்று மீட்டரை போட்டோ எடுத்து, அதுவரை ஓடிய யூனிட்டுக்குக் கணக்குப் போட்டு உங்கள் பங்கைக் கொடுத்துவிடுங்கள். பெயிண்டிங்குக்கு ஓனர் அட்வான்ஸில் பிடிப்பார் என்று புதியவர் உங்கள் பங்கைக் குறைத்துக் கேட்டால், நீங்கள் இருந்த மாதங்களுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.