எந்த அறிவியலை முதலில் நடத்துவது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறோம். எட்டு வயது மகனுக்கும் ஆறு வயது மகளுக்கும் வீட்டிலேயே பாடம் நடத்துகிறேன். தமிழும் கணக்கும் நன்றாகப் போகின்றன. அறிவியலில்தான் குழப்பம். இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல் என நான்கு புத்தகம் வாங்கிவிட்டேன். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக நடத்துவதா, ஒன்றை மட்டும் எடுப்பதா? ஒன்றென்றால் மற்றதில் பின்தங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஒன்றை மட்டும் எடுங்கள். இந்த வருடம் உயிரியல். அதிலும் பட்டுப்புழு.

நான் தவறாகத் தொடங்கியவன். என் மகளுக்கு ஆறு வயதில் எட்டுக் கோள்களையும் சொல்லிக்கொடுத்தேன். அழகாக ஒப்பிப்பாள். ஒரு நாள் மாலை மொட்டைமாடியில் நின்று மேற்கே வெள்ளியைக் காட்டினேன். "அது நட்சத்திரம்ப்பா" என்றாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே அளவுகோல்: நான் சொல்வது சரியா என்று பிள்ளை தன் கண்ணால் பார்த்துக்கொள்ள முடியுமா? அணுவும் மூலக்கூறும் அதில் தேறவில்லை.

பட்டுப்புழு தேறும். அதற்குத் தீனி மல்பெரித் தழை. உங்கள் பக்கம் மல்பெரி போட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. தர்மபுரியில் பட்டுக்கூடு ஏல அங்காடியே இருக்கிறது. தெரிந்த விவசாயியிடம் ஐம்பது இளம்புழு கேட்டு வாங்கி ஒரு முறத்தில் விடுங்கள். பொரிக்கும்போது 3 மில்லிமீட்டர் இருக்கும் புழு, சுமார் 25 நாளில் 7 சென்டிமீட்டர் ஆகிவிடும். மகன் தினமும் ஐந்து புழுவை ஸ்கேலில் அளந்து நோட்டில் எழுதட்டும். நடுவே நான்கு முறை தோலுரிக்கும். அப்போதெல்லாம் தின்னாமல், தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். மகள் "செத்துப்போச்சு" என்று அழலாம். உடனே விளக்கம் சொல்லிவிடாதீர்கள். மறுநாள் அவளே பார்க்கட்டும்.

கூடு கட்டியதும் கடினமான கேள்வி வரும். ஒரு கூட்டில் ஏறக்குறைய 1,000 மீட்டர் இழை இருக்கிறது. அதை அறுபடாமல் எடுக்க, உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவைக் கொன்றுவிடுவார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் முறத்துக் கூடுகளை அப்படியே விட்டுவிடலாம். இரண்டு வாரத்துக்குள் அந்துப்பூச்சி வெளியே வரும். சிறகு இருக்கும், பறக்க முடியாது. ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதன் வீட்டுக்குள் வைத்து வளர்த்ததில் வந்த நிலை அது. இதைப் பேசவே ஒரு மாதம் வேண்டும்.

பின்தங்குவது பற்றிப் பயப்படாதீர்கள். அளப்பதும் எழுதி வைப்பதும் பழகிவிட்டால் இயற்பியலுக்கும் அதுதான் அடித்தளம்.

அடுத்த வருடம் கல். வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) கண்ணாடியைக் கீறும், காக்காய்ப்பொன் (மைக்கா) நகத்தாலேயே ஏடு ஏடாக உரியும். உங்கள் ஊரில் இதற்கெல்லாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. வேதியியலை, ஊர்ப் பெரியவர்களின் பல்லில் ஏன் பழுப்புக் கறை என்று மகன் கேட்கும் நாளில் தொடங்குங்கள். பாறையில் இருக்கும் ஃப்ளூரைடு ஆழ்துளைக் கிணற்று நீரில் கலந்து பல்லைக் கறையாக்குவதும், அதற்காகவே ஒகேனக்கல் தண்ணீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்ததும் அப்போது அவனுக்குப் புரியும்.

அப்புறம், தழை வாங்கும்போது மருந்து அடித்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழை நாளில் தழையைத் துடைத்துப் போடுங்கள். ஈரத்தோடு தின்றால் புழுவுக்கு நோய் வரும். எறும்பு ஏறாமல் முறத்தை ஒரு ஸ்டூலில் வைத்து, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவிடுங்கள்.