டஜிமா டி மைனஸில் வந்தால்?

கேள்வி: எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டுக்கு ஒரே இனத்தைச் சேர்ந்த 30 மீன்களின் சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவை, டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிடும் டிஎன்ஏஎஸ்பி மென்பொருளில் போட்டேன். டஜிமா டி என்ற எண் மைனஸில் வருகிறது. இயற்கைத் தேர்வு நடந்திருக்கிறது என்று எழுதலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இடைவெளி, விடுபட்ட டிஎன்ஏ எழுத்து எல்லாம் போக மொத்தம் எத்தனை இடங்கள் கணக்கில் வந்தன என்று ரிசல்ட்டில் ஒரு வரி இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். 29 மீன்களுக்கு 650 எழுத்து இருந்து ஒன்றுக்கு மட்டும் 400தான் என்றால், மீதி 250 இடங்களை அந்த மென்பொருள் எல்லா மீன்களிலுமே விட்டுவிடும். அந்த ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

சரி, டிக்கு வருவோம். ஃபுமியோ டஜிமா 1989இல் கொடுத்த இந்தக் கணக்கு, வேறுபாட்டை இரண்டு விதமாக அளந்து முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழிக்கிறது. முதல் அளவு, வரிசைகளை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு வரும் சராசரி வித்தியாசம். 10 வரிசைகள் என்றால் 45 ஜோடி. ஓரிடத்தில் ஒரு மீன் மட்டும் மாறியிருந்தால் 9 ஜோடியில்தான் வித்தியாசம் தெரியும், அதாவது 0.2, ஐந்துக்கு ஐந்தாகப் பிரிந்திருந்தால் 25 ஜோடி, 0.56. இரண்டாவது அளவான வாட்டர்சன் முறையோ மாறிய இடங்களை எண்ணுவதோடு சரி, எப்படி மாறியிருந்தாலும் இடத்துக்கு 0.35தான். ஆகவே ஒரே மீனில் மட்டும் தென்படும் மாற்றங்கள் மலிந்திருந்தால் டி மைனஸுக்குப் போகும்.

சாதகமான மாற்றம் ஒன்று பரவி மற்றதையெல்லாம் துடைத்துவிட்டாலும் அப்படி மலியும், சிறு கூட்டம் வேகமாகப் பெருகினாலும் மலியும். சீக்வென்சிங் பிழையும் இதே வேலையைச் செய்யும் என்பதால், அப்படி ஒற்றையாக வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் குரோமேட்டோகிராமை (சீக்வென்சிங் கருவி தரும் முகடுகளின் வரைபடத்தை) திறந்து அந்த முகடு தெளிவாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே ஆகவேண்டும், இதில் சோம்பல் கூடாது. அப்புறம் பி மதிப்பு (தற்செயலாகவே இப்படி வரக்கூடிய வாய்ப்பு) 0.05க்கு மேல் என்றால் மைனஸைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதே நேர்மை.

கூட்டம் பெருகினால் அதன் தடம் எல்லா மரபணுக்களிலும் விழும், தேர்வு என்றால் ஓரிடத்தில்தான். மைட்டோகாண்ட்ரியா முழுவதும் ஒரே துண்டாகத் தாயிடமிருந்து வருவதால் சிஓஐ ஒன்றை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. உட்கரு மரபணு இரண்டு மூன்றாவது சேருங்கள்.

தேர்வைத்தான் பார்க்கவேண்டும் என்றால் நெருங்கிய இனம் ஒன்றின் சிஓஐ வரிசையையும் சேர்த்து, அதே மென்பொருளில் உள்ள மெக்டொனால்ட்–கிரைட்மன் சோதனையை ஓட்டலாம். புரதத்தை மாற்றும் மாற்றங்களையும் மாற்றாதவற்றையும் இனத்துக்குள்ளும் இனங்களுக்கிடையிலும் எண்ணி ஒப்பிடுவது அது. ஓட்டுமுன் மரபுக் குறியீட்டை (மூன்றெழுத்துகளை அமினோ அமிலமாக வாசிக்கும் அட்டவணையை) முதுகெலும்பிகளின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு மாற்ற மறக்காதீர்கள். அங்கே டிஜிஏ என்ற மூன்றெழுத்து நிறுத்தக் குறி கிடையாது, டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம்.