கேளுங்கள், சொல்கிறோம்: கல்லீரல்

கேள்வி: வலது விலாவுக்குக் கீழே அவ்வப்போது சுருக்கென்று குத்துகிறது. கல்லீரல் கெட்டுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. அது சரியாக எங்கே இருக்கிறது? உள்ளே எப்படி அமைந்திருக்கிறது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கல்லீரலின் சதைக்குள் வலியை உணரும் நரம்பு கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்குத்தான் உண்டு. ஆட்டு ஈரலை நறுக்கும்போது உரிந்து வருமே ஒரு சவ்வு, அதேதான். வைரஸ் தாக்கிக் கல்லீரல் திடீரென வீங்கினால் உறை இழுபட்டு, விலாவுக்கடியில் பாரமாக, மந்தமாக வலிக்கும். சுருக்கென்று குத்திவிட்டு மறையும் வலி பெரும்பாலும் தசையிலிருந்தோ குடலிலிருந்தோ வருவது. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு மேல்வயிற்றில் பிடித்து இழுத்து, வலி முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவினால் பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று ஸ்கேனில் பாருங்கள்.

கல்லீரல் உதரவிதானத்துக்கு அடியில், வலது விலாக்கூட்டுக்குள் இருக்கிறது. பெரியவர்களுக்கு எடை ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் அதற்குள் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு குடல், மண்ணீரல், கணையம் ஆகியவற்றைச் சுற்றிவிட்டு போர்ட்டல் சிரை வழியாக வருவது. உணவின் சத்தும், விழுங்கிய மாத்திரையும், குடல் கிருமிகளின் கழிவும் முதலில் வந்து சேரும் இடம் இதுதான். மீதிக் கால் பங்குதான் தமனி கொண்டுவரும் புது ரத்தம்.

உள்ளே 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலத்தில் அறுகோண வடிவ நுண்மடல்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு மூலையிலும் போர்ட்டல் சிரையின் கிளை, தமனியின் கிளை, பித்தநாளம் என்று மூன்று குழாய்கள். நடுவே ஒரு சிரை. ரத்தம் மூலைகளிலிருந்து நடுவை நோக்கி, செல் வரிசைகளுக்கு இடையே உள்ள மிக நுண்ணிய வாய்க்கால்களில் ஊர்ந்து போகிறது. செல்கள் சுரக்கும் பித்தம் தனி வாய்க்காலில், நேரெதிர்த் திசையில் மூலைக்கு வருகிறது. இரண்டும் கலப்பதில்லை.

ரத்த வாய்க்காலின் சுவர் சல்லடை மாதிரி ஓட்டைகள் கொண்டது. அதனால் ரத்தத்தின் நீர்ப்பகுதி செல்களைத் தொட்டுக்கொண்டே போக முடிகிறது. இந்தச் சல்லடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் அழற்சி நீடித்தால், வழக்கமாக வைட்டமின் ஏ-வைச் சேமித்துவைக்கும் நட்சத்திரச் செல்கள் அதை இழந்து நார் நெய்யத் தொடங்கும். ஓட்டைகள் அடைபடும். ரத்தம் செல்லைத் தொட முடியாது, முன்னேயும் எளிதில் போக முடியாது. போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறும். மண்ணீரல் வீங்குவது, வயிற்றில் நீர் கோப்பது, உணவுக்குழாயில் சிரைகள் புடைத்து ரத்த வாந்தி எடுப்பது எல்லாம் இந்த அழுத்தத்தால் வருபவை. சிரோசிஸ் என்பது இதுதான்.

கேள்வி: முழு உடல் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 78 என்று வந்தது. பிலிருபின், அல்புமின் சரியாக இருக்கின்றன. ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’. நான் குடிப்பதே இல்லை. கல்லீரல் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எஸ்.ஜி.பி.டி.யை வைத்து அந்தச் சதவீதத்தைச் சொல்ல முடியாது. ‘லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்’ என்ற பரிசோதனையின் பெயரே இந்தக் குழப்பத்தை உண்டாக்குகிறது. எஸ்.ஜி.பி.டி.யும் எஸ்.ஜி.ஓ.டி.யும் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதிகள். செல் காயப்பட்டால் ரத்தத்தில் கசியும். எவ்வளவு கசிகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, எவ்வளவு வேலை நடக்கிறது என்பதை அல்ல. முற்றிய சிரோசிஸில் கசிய செல்லே குறைந்துபோய் எஸ்.ஜி.பி.டி. 30 காட்டலாம். கடுமையான காமாலையில் எஸ்.ஜி.பி.டி. 2000-லிருந்து மளமளவென்று இறங்கும்போது மஞ்சள் நிறமியான பிலிருபினும், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆரும் ஏறினால் அது குணமல்ல, பேராபத்து.

வேலையை அறிய, கல்லீரல் தயாரிக்கும் பொருள்களைப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையவைக்கும் காரணிகளில் ஒருசில மணிக்கணக்கிலேயே தீர்ந்துவிடுபவை. ஏழாம் காரணியின் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 6 மணி நேரம். ஆகவே திடீர் நோயில் முதலில் மாறுவது ஐ.என்.ஆர். கல்லீரல் தயாரிக்கும் புரதமான அல்புமினின் அரை ஆயுள் சுமார் 20 நாள். அது குறைந்திருந்தால், சிறுநீரில் புரதம் போவது போன்ற வேறு காரணம் இல்லாத பட்சத்தில், நாள்பட்ட கோளாறு என்று பொருள்.

குடிக்காதவர்களுக்குக் கொழுப்பு சேர்வதற்கு வயிற்றுப் பருமன், சர்க்கரை நோய், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மிகுவது ஆகியவை முக்கியக் காரணங்கள். ‘கிரேடு 1’ என்பது கொழுப்பின் அளவு மட்டுமே. நார் படிந்திருக்கிறதா என்பதுதான் முக்கியக் கேள்வி. அதற்கு ஃபிப்-4 என்ற கணக்கை வீட்டிலேயே போடலாம். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். வந்ததை, தட்டணுக்களின் எண்ணிக்கையை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி வரும் தொகையால் வகுங்கள். தட்டணுக்கள் 2.5 லட்சம் என்றிருந்தால் 250 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக வயது 45, எஸ்.ஜி.ஓ.டி. 40, எஸ்.ஜி.பி.டி. 49, தட்டணு 250 என்றால் 1800-ஐ 1750-ஆல் வகுத்து 1.03. விடை 1.3-க்குக் கீழே என்றால் பெரிய அளவில் நார் படிந்திருக்க வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேல் என்றால் கல்லீரல் மருத்துவரிடம் போக வேண்டும். இடையில் வந்தால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். 65 வயதைக் கடந்தவர்களுக்கு 1.3-க்குப் பதில் 2. காய்ச்சலோ காமாலையோ இருக்கும்போது இந்தக் கணக்கு செல்லாது. தட்டணு எதற்கு என்று கேட்கலாம்: போர்ட்டல் அழுத்தத்தால் வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

எடையில் 5 சதவீதம் குறைத்தாலே கொழுப்பு கரையத் தொடங்கும். அழற்சி தணிய 7 முதல் 10 சதவீதம் வேண்டும். 70 கிலோ இருப்பவருக்கு 5 முதல் 7 கிலோ; ஆறு மாதத்தில் நிதானமாக. பட்டினி கிடந்து மளமளவென்று இறக்கினால் பித்தப்பையில் கல் உருவாகலாம்.

கேள்வி: மகனுக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்து, உப்பும் எண்ணெயும் இல்லாமல் பத்தியம் வைத்திருக்கிறோம். சரியா?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: காமாலை என்பது அறிகுறி. பழைய சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் பிலிருபினைக் கல்லீரல் நீரில் கரையும்படி மாற்றிப் பித்தத்தில் விட வேண்டும். அது ரத்தத்தில் டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 2 முதல் 3 மில்லிகிராமைத் தாண்டும்போது கண் மஞ்சளாகிறது. சிவப்பணு அதிகமாக உடைந்தாலும், கல்லீரல் செல் காயப்பட்டாலும், பித்தக்குழாய் அடைபட்டாலும் மஞ்சள் ஒன்றுதான். மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரித்தால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். மூலிகையில் காலம் கடத்தக் கூடாது.

அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகும். அந்தப் பெருமை கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. ஹெபடைடிஸ் பி-க்கு அதைச் சோதித்துச் சென்னை ஆய்வாளர்கள் 1988-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது: மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. பிற்பாடு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பத்தியத்தை இன்றே விடுங்கள். குணமாகும் கல்லீரலுக்குச் சோறும் பருப்பும் முட்டையும் தேவை. வாந்தி இருந்தால் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பையன் பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். மூளையைப் பாதிக்கும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் வேலையும் உறைகாரணி தயாரிப்பும் நின்றுவருகின்றன என்று பொருள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கொதிக்கவைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும்; ஈ வைரஸ் அவர்களுக்கு உயிராபத்தாகலாம்.

கேள்வி: பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும் என்கிறார்கள். காய்ச்சலுக்கு என்னதான் போடுவது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அளவோடு போட்டால் பாராசிட்டமாலே பாதுகாப்பானது. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். கூடவே போடும் சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். மருந்தின் சிறு பங்கு நச்சாக மாறும், கல்லீரல் செல்லில் உள்ள குளுட்டதயோன் என்ற பொருள் அதை முறிக்கும். பட்டினி கிடப்பவருக்குக் குளுட்டதயோன் குறைவு. தினமும் குடிப்பவருக்கு நச்சாக்கும் நொதியும் அதிகம். அவர்கள் 2 கிராமோடு நிறுத்துவது நல்லது. அளவு மீறினால் நுண்மடலின் நடுப்பகுதிச் செல்கள்தான் முதலில் சாகும்: அந்த நொதி அங்கேதான் மிகுதி, ஆக்சிஜனும் அங்கேதான் குறைவு. முதல் நாள் வாந்தி மட்டும் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. அதை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. முறிமருந்தான அசிட்டைல்சிஸ்டீனை 8 மணி நேரத்துக்குள் ஏற்றினால் கல்லீரல் ஏறக்குறைய முழுமையாகத் தப்பிக்கும்.

கேள்வி: தம்பிக்குக் கல்லீரல் தானம் செய்தால் எனக்கு மறுபடி வளருமா?
– வாசகர், மதுரை

பதில்: வளரும், வெட்டிய மடலாக அல்ல. வலது மடலைக் கொடுத்தால் ஏறத்தாழ 60 சதவீதம் போய்விடும். எஞ்சிய பகுதியின் செல்கள் பிரிந்து, இருக்கும் நுண்மடல்களே பெருக்கும். சில மாதங்களில் அளவு பழைய நிலையை நெருங்கும், வடிவம் திரும்பாது. இதனால்தான் தானத்துக்கு முன் சி.டி. எடுத்து உங்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று அளக்கிறார்கள். 30 சதவீதத்துக்குக் கீழே போகும் என்றாலோ, கொழுப்பு அதிகம் என்றாலோ மறுத்துவிடுவார்கள். கொழுப்பு மட்டும்தான் தடை என்றால், எடையைக் குறைத்துவிட்டு மீண்டும் பரிசோதிக்கும்படி கேளுங்கள்.