மான்ஸா 1956: அந்த மூன்று புள்ளிகள் எங்கே போயின?

கேள்வி: ஃபார்முலா ஒன் கார் பந்தய வீரர் ஃபாஞ்சியோவை ‘ஐந்து முறை உலக சாம்பியன்’ என்று ஆளாளுக்குக் கொண்டாடுகிறீர்கள். 1956 பட்டம் பிச்சையாக வந்ததுதானே? கடைசிப் பந்தயமான இத்தாலியின் மான்ஸாவில் அவர் கார் உடைந்ததும், அதே ஃபெராரி அணியின் பீட்டர் காலின்ஸ் தன் காரை விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால், காலின்ஸ்தானே சாம்பியன்? அணியின் இன்னொரு வீரர் முஸோ மாதிரி மறுக்கத் தெரியாத காலின்ஸ் ஓர் ஏமாளி என்கிறேன். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

பதில்: ‘பிச்சை’ என்று எழுதுவதற்கு முன் ஒரு தடவையாவது கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? போட்டிருந்தால் இந்தக் கேள்வி வேறு மாதிரி வந்திருக்கும். ஃபாஞ்சியோவின் 1956 பட்டத்தில் குறை சொல்ல இடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் விரல் நீட்டுகிற இடத்தில் அது இல்லை.

அந்தக் காலத்து விதி இது: முதல் ஐந்து இடங்களுக்கு 8, 6, 4, 3, 2 புள்ளிகள். பந்தயத்தின் வேகமான சுற்றை ஓட்டியவருக்கு ஒரு புள்ளி கூடுதல். ஒரே காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் இடத்துக்கான புள்ளி பாதிப் பாதி. வருடத்தின் எட்டுப் பந்தயங்களில் ஒருவருடைய சிறந்த ஐந்து மட்டும் கணக்கில் சேரும், மற்றது குப்பைக்கு. இந்தக் கடைசி வரிதான் முக்கியம். மான்ஸா கதையைச் சொல்லிக் கண் கலங்குகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை.

1956 செப்டம்பர் 2-ம் தேதி மான்ஸாவுக்கு வந்தபோது ஃபாஞ்சியோவின் கையில் இருந்தவை: ஆர்ஜென்டினா 5, மொனாக்கோ 4, பிரான்ஸ் 4, பிரிட்டன் 8, ஜெர்மனி 9. மொத்தம் 30. ஐந்து முடிவுகளும் நிரம்பிவிட்டன. காலின்ஸிடம் நான்கே முடிவுகள்: மொனாக்கோ 3, பெல்ஜியம் 8, பிரான்ஸ் 8, பிரிட்டன் 3. மொத்தம் 22. எதிரணியான மஸராட்டியின் ழான் பெஹ்ராவுக்கும் 22தான். ஆனால் அவருக்கும் ஐந்து முடிவுகள் நிரம்பிவிட்டன. ஜெயித்து, வேகமான சுற்றையும் ஓட்டினால்கூட ஒரு 4 போய் 9 வரும், 27-ல் நின்றுவிடும். ‘மூவர் போட்டி’ என்று எழுதுகிறவர்கள் அவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள், பாவம்.

ஆக, எதிராளி காலின்ஸ் ஒருவர்தான். அவருக்கும் வெறும் வெற்றி போதாது. 22-உடன் 8 சேர்ந்தால் 30-30 என்று சமமாகத்தான் நிற்கும். வெற்றியும் வேண்டும், வேகமான சுற்றும் வேண்டும். அதற்கு மேல், ஃபாஞ்சியோவும் தன் கணக்கில் எதையும் கூட்டிவிடக் கூடாது.

அன்றைய மான்ஸா இன்றைய மான்ஸா இல்லை. சாதாரணச் சாலைத் தடத்தோடு, முந்தைய வருடம் புதிதாகக் கட்டிய சாய்வான கான்கிரீட் வளைவுகளையும் சேர்த்து ஒரு சுற்று 10 கிலோமீட்டர். அப்படி 50 சுற்று. கான்கிரீட்டின் அதிர்ச்சி கார்களை உலுக்கி எடுத்தது. ஃபெராரியின் இத்தாலியர்கள் இருவர், முஸோவும் கஸ்தெலோத்தியும், சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன் ஆரம்பத்திலிருந்தே விரட்டினார்கள். ஐந்தாறு சுற்றுக்குள் டயர் கிழிந்து இருவரும் பிட்டுக்கு, அதாவது தடத்தோரம் காரைப் பழுதுபார்க்கும் இடத்துக்கு, வந்தார்கள். அப்புறம் ஃபாஞ்சியோவின் காரில் ஸ்டீயரிங் பாகம் முறிந்தது. அணிக்காரர்கள் முஸோவிடம் கேட்டார்கள். அவர் இறங்கவில்லை. டயரைப் பார்க்க காலின்ஸ் உள்ளே வந்தார், ஃபாஞ்சியோ நிற்பதைக் கண்டார், தானாகவே இறங்கிக் காரைக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 24, ஃபாஞ்சியோவுக்கு 45. தனக்கு இன்னும் நிறையக் காலம் இருக்கிறது என்பதுதான் அவர் பின்னால் சொன்ன காரணம்.

ஃபாஞ்சியோ அந்தக் காரை இரண்டாவதாகக் கொண்டுவந்து சேர்த்தார். 6 புள்ளியில் ஆளுக்கு 3.

இப்போது கேளுங்கள். அந்த 3 ஃபாஞ்சியோவுக்கு என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. அவரிடம் ஏற்கெனவே இருந்த ஐந்தில் மிகச் சிறியதே 4. அதைவிடச் சிறிய 3 நேராகக் குப்பைக்குப் போனது. மொத்தம் 33 எடுத்தார், எண்ணப்பட்டது 30. மான்ஸாவுக்கு முன்பு இருந்த அதே 30. அந்தக் காரில் ஜெயித்தே இருந்தாலும் பாதி 4தான்; ஒரு 4-ஐ எடுத்துவிட்டு இன்னொரு 4-ஐ வைப்பதால் யாருக்கு லாபம்? சொல்லப்போனால் காலின்ஸ் காரை விட்டு இறங்கிய நிமிடமே பட்டம் முடிவாகிவிட்டது. பாதிப் புள்ளியோடு காலின்ஸ் 30-ஐ எட்ட வழியே இல்லை. அதற்குப் பிறகு ஃபாஞ்சியோ காரை ஓட்டாமல் பிட் சுவரில் உட்கார்ந்து காபி குடித்திருந்தாலும் சாம்பியன் அவர்தான்.

நஷ்டம் காலின்ஸுக்குத்தான், அதுவும் யாரும் பேசாத நஷ்டம். அவரே ஓட்டி இரண்டாவதாக வந்திருந்தால் 22-உடன் 6, மொத்தம் 28. பந்தயத்தையும் வேகமான சுற்றையும் தட்டிச்சென்ற மஸராட்டியின் ஸ்டிர்லிங் மாஸ் 27-ல் முடித்தார். அதாவது உலகப் பட்டியலில் இரண்டாமிடம் காலின்ஸுடையதாக இருந்திருக்கும். கொடுத்ததால் 25 எடுத்து மூன்றாமிடத்துக்கு இறங்கினார்.

பட்டத்துக்கான வாய்ப்பே இல்லையா என்றால், இருந்தது. கடைசிச் சில சுற்றுகளில் மாஸின் காரில் பெட்ரோல் தீர்ந்தது. தனியாகப் பங்கெடுத்த இன்னொரு மஸராட்டிக்காரர் பியோத்தி பின்னாலிருந்து முட்டித் தள்ளி அவரைப் பிட்டுக்குச் சேர்த்தார். முன்னிலைக்கு வந்த முஸோவின் கார் மூன்று சுற்று மிச்சமிருக்கும்போது உடைந்தது. கோட்டைக் கடக்கும்போது மாஸுக்கும் ஃபாஞ்சியோவுக்கும் இடையே 6 விநாடிகூட இல்லை. காலின்ஸ் அந்தக் காரில் இருந்திருந்தால் மாஸைப் பிடித்திருக்கலாம். வேகமான சுற்றையும் ஓட்டியிருக்கலாம். இரண்டு ‘லாம்’களும் சேர்ந்து நடந்தால்தான் பட்டம். ‘காலின்ஸ்தானே சாம்பியன்’ என்று அடித்துச் சொல்ல இது போதாது.

குறை சொல்ல வேறு இடம் இருக்கிறது என்றேன். அது ஜனவரியிலேயே ஆரம்பிக்கிறது. பியூனஸ் ஏர்ஸில் ஃபாஞ்சியோவின் கார் மக்கர் செய்ததும் முஸோவின் காரை வாங்கி ஓட்டி ஜெயித்தார். மொனாக்கோவில் தன் காரைச் சுவரில் இடித்துப் பழுதாக்கிக்கொண்டு, காலின்ஸின் காரை வாங்கி இரண்டாமிடம். வேகமான சுற்றுக்கான புள்ளியும் சேர்ந்த அந்த 5-ம் 4-ம்தான் 30-க்குள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைத் தட்டிவிட்டால் மான்ஸாவுக்கு வரும்போது ஃபாஞ்சியோவிடம் 21. மொனாக்கோவின் இரண்டாமிடத்தைக் காலின்ஸ் முழுதாகத் தன்வசம் வைத்துக்கொண்டார் என்று எண்ணினால் அவருக்கு 6, 8, 8, ஆக 22. ஒரு புள்ளி முன்னால்! உங்கள் கட்சிக்கு இதைவிட நல்ல வாதம் கிடைக்காது, இலவசமாகத் தருகிறேன்.

ஆனால் அந்த 22-ஐ எட்ட நான் சத்தமில்லாமல் எதைக் கழித்தேன் என்று பார்த்தீர்களா? பிரிட்டனின் சில்வர்ஸ்டோனில் காலின்ஸ் எடுத்த 3 புள்ளியை. தன் கார் படுத்ததும் சக ஃபெராரிக்காரர் போர்த்தாகோவின் காரை வாங்கி ஓட்டித்தான் அவர் அங்கே இரண்டாவதாக வந்தார். மாஸும் யோக்கியம்தான்: பெல்ஜியத்தில் சக்கரம் கழன்று போனதும் சக மஸராட்டிக்காரர் பெர்தீஸாவின் காரில் ஏறி மூன்றாமிடம் பிடித்தார். அந்த வருடம் எல்லோரும் எல்லோர் காரிலும் ஏறினார்கள். விதி இடம் கொடுத்தது, அணிகள் அதற்கேற்ப ஆடின. 1958-லிருந்து பகிர்ந்து ஓட்டினால் புள்ளி இல்லை என்று ஆனபிறகுதான் இந்தக் கூத்து நின்றது. பிச்சை என்றால் எல்லோர் தட்டிலும் பிச்சைதான்.

முஸோவை உதாரணம் காட்டியதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன், காரணம் வேறு. ஃபாஞ்சியோவின் சொந்த நாடான ஆர்ஜென்டினாவில் ஒரு தடவை காரைக் கொடுத்தவர் அவர். தன் சொந்த நாட்டில், ஜெயிக்க வாய்ப்பு இருந்த பந்தயத்தில், மறுபடியும் கொடு என்றால் எதற்காகக் கொடுக்க வேண்டும்? அவரை வில்லனாக்கியவர்கள் ஜனவரியை மறந்துவிட்டார்கள். 1951-ல் பிரான்ஸின் ரெய்ம்ஸில் ஆல்ஃபா ரோமியோ அணி இதே ஃபாஞ்சியோவுக்காகத் தன் இன்னொரு வீரர் ஃபாஜியோலியைக் கட்டளை போட்டு இறக்கியது; கோபத்தில் அவர் ஃபார்முலா ஒன்னையே விட்டுப் போனார். கட்டளைக்கு இறங்குவதும், மறுக்க உரிமை இருந்தும் இறங்குவதும் ஒன்றல்ல. முஸோ மறுத்து, அணியில் நீடித்தார். காலின்ஸும் மறுத்திருக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி. தெரிந்து கொடுத்தவரை ஏமாளி என்று எப்படிச் சொல்வது? காலின்ஸ் 1958 ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 26 வயதில் இறந்துபோனார் என்பதை வைத்துப் பின்னோக்கி அந்த முடிவைத் தப்பு என்பதும் சரியில்லை.

அப்புறம், ‘பிச்சை எடுத்த’ ஃபாஞ்சியோ அடுத்த வருடம் என்ன செய்தார் என்பதையும் பார்த்துவிடுங்கள். ஃபெராரியை விட்டு மஸராட்டிக்குப் போனார். 1957 நூர்பர்க்ரிங்கில் டயர் மாற்றி, பெட்ரோல் நிரப்ப நின்றதில் ஏகப்பட்ட நேரத்தை இழந்து, முன்னால் போன இரண்டு ஃபெராரிகளையும் துரத்திப் பிடித்து ஜெயித்தார். அந்த இரண்டில் ஒன்றை ஓட்டியவர் காலின்ஸ். அந்த வருடப் பட்டத்துக்கு எண்ணப்பட்ட 40 புள்ளியில் ஒன்றுகூட அடுத்தவர் காரில் வந்ததில்லை.