ரிமாண்ட் ஆன வி.ஏ. அப்பீல்: இனி என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: அமெரிக்க ராணுவத்தில் இருந்தபோது என் கணவருக்கு முழங்காலில் அடிபட்டது, அதற்கு வி.ஏ. (அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறை) இழப்பீடு வருகிறது. அந்தக் காலால்தான் முதுகு வலியும் வந்தது என்று தனியாக விண்ணப்பித்தோம், மறுத்தார்கள். 2023-இல் போர்டுக்கு (வி.ஏ.வின் மேல்முறையீட்டு வாரியம்) அப்பீல் செய்தோம். இப்போது கூடுதல் மருத்துவக் கருத்து வேண்டும் என்று வழக்கை வி.ஏ.வுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள் (இதைத்தான் ரிமாண்ட் என்கிறார்கள்). தோற்றுவிட்டோமா?

பதில்: இல்லை. மறுத்த முடிவு போதிய மருத்துவ ஆதாரமில்லாமல் எடுக்கப்பட்டது என்று போர்டே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் வெற்றியும் இன்னும் கைக்கு வரவில்லை.

ரிமாண்ட் உத்தரவின் கடைசிப் பக்கங்களில் எண்ணிட்ட கட்டளைகள் இருக்கும். அவற்றை வரி வரியாகப் படியுங்கள். உங்களுடையது போன்ற வழக்குகளில் அடிக்கடி நேரும் கோளாறு ஒன்று உண்டு. ‘முதுகு வலி முழங்காலால் வந்ததல்ல’ என்று எழுதிய மருத்துவர், ‘முழங்காலால் அது மோசமானதா?’ என்பதைத் தொடாமலே விட்டிருப்பார். இரண்டும் தனித்தனிக் கேள்விகள். 1995-இல் வந்த ஆலன் எதிர் பிரவுன் தீர்ப்புக்குப் பின் இரண்டாவதற்கும் பதில் வந்தாக வேண்டும்.

அடுத்து, வி.ஏ. அல்லது அதன் ஒப்பந்த நிறுவனம் பரிசோதனைக்கு அழைக்கும். தெரியாத எண் என்று போனை எடுக்காமல் விடாதீர்கள். தக்க காரணமின்றிப் போகாவிட்டால் கையிலுள்ள காகிதங்களை வைத்தே முடிவெடுக்கலாம், விண்ணப்பத்தை மறுக்கவும் செய்யலாம். தேதி ஒத்துவராவிட்டால் உடனே சொல்லி மாற்றுங்கள். அங்கே உங்கள் கணவர் வலி உச்சத்தில் இருக்கும் நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘பரவாயில்லை, சமாளிக்கிறேன்’ என்று சொல்லும் பழக்கம் பல வீரர்களுக்கு உண்டு. அதுவே அறிக்கையில் ஏறிவிடும்.

பரிசோதனை முடிவை மட்டும் நம்பியிராமல் சொந்த மருத்துவரிடமும் கருத்துக் கடிதம் வாங்குங்கள். ‘தொடர்பு இருக்கலாம்’ என்று எழுதினால் அது ஊகமாகவே எடுத்துக்கொள்ளப்படும். குறைந்தது 50 சதவீதம் வாய்ப்பு உண்டு என்று அவர் எழுத வேண்டும். சாதகமும் பாதகமும் சரிசமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் வீரருக்கே. காரணமும் வேண்டும்: நொண்டி நடந்ததில் நடை எப்படி மாறியது, அது முதுகை எப்படிப் பாதித்தது, எந்தப் பதிவுகளைப் பார்த்தார். காரணம் சொல்லாத ஒற்றை வரிக் கருத்துக்கு மதிப்பில்லை.

நீங்களும் 21-10210 படிவத்தில் சாட்சி எழுதலாம். எந்த ஆண்டிலிருந்து நொண்டுகிறார், எப்போது குனிய முடியாமல் போனது என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள். நோய்க்குப் பெயர் வைப்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

பரிசோதனை அறிக்கையை 20-10206 படிவத்தால் கேட்டு வாங்கி, ரிமாண்ட் கட்டளைகளோடு ஒப்பிடுங்கள். கேட்ட கேள்வி ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால் உடனே எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள். கட்டளையை நிறைவேற்றக் கோரும் உரிமை வீரருக்கு உண்டு என்று 1998-இல் ஸ்டீகல் எதிர் வெஸ்ட் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். 2019 பிப்ரவரி 19-இல் அமலான புதிய அப்பீல் முறையில், திருப்பப்பட்ட வழக்கு தானாகப் போர்டுக்குத் திரும்பாது. வி.ஏ. புதிய முடிவு அனுப்பும். அது பாதகமாக இருந்தால் ஓராண்டுக்குள் 10182 படிவத்தில் மீண்டும் போர்டுக்குப் போகலாம், அல்லது புதிய ஆதாரத்தோடு 20-0995 என்ற துணை விண்ணப்பப் படிவத்தை வி.ஏ.விடம் கொடுக்கலாம். ஓராண்டைத் தவறவிட்டால் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து வரவேண்டிய நிலுவைத் தொகை போய்விடும். அங்கீகாரம் பெற்ற வீரர் சேவை அமைப்புகளின் பிரதிநிதிகள் இந்தப் படிவங்களுக்குக் கட்டணமின்றி உதவுவார்கள்.