போர்முனையில் நின்றவர்தான் போரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: ஒரு போர் சரியா தவறா என்று சொல்லும் தகுதி, அதில் நேரடியாகச் சண்டை போட்ட ராணுவ வீரர்களுக்கு மட்டும்தான் உண்டா?

களத்தில் என்ன நடந்தது என்று சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர் கிடையாது. அந்தப் போருக்குப் போயிருக்க வேண்டுமா என்ற கேள்வியில் மட்டும் அவர்கள் சொல்வதையே முடிவாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் கோபி, சத்தி பக்கம் வேலூர் மாவட்டம் மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் கிடையாது. அதனாலேயே ஊருக்கு ஒன்றிரண்டாக இருக்கும் மிலிட்டரிக்காரர் பேச்சுக்குத் தனி மரியாதை. டீக்கடையில் பாகிஸ்தான் பேச்சு வந்தால் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

என் பெரியப்பா அப்படி ஒருவர். இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய் ராணுவ லாரி ஓட்டியவர். 1987 ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தை அடுத்து அமைதி காக்கப் போன படை, அக்டோபரில் புலிகளோடு சண்டையில் இறங்கியது. 1990 மார்ச்சில் முழுதாகத் திரும்புவதற்குள் ஏறத்தாழ 1,200 வீரர்கள் இறந்திருந்தார்கள். "ரோட்டுல புதுசா மண்ணு கிளறியிருந்தாப் போதும் கண்ணு, வண்டிய நிறுத்திப்போட்டு எறங்கிருவோம்" என்பார். கண்ணிவெடி பயம். இதில் அவரோடு நான் என்ன வாதாட முடியும்?

ஆனால் அதே மூச்சில், "டெல்லி எங்க கையக் கட்டிப்போடாம இருந்திருந்தா ஆறே மாசத்துல முடிச்சிருப்போம்" என்றும் சொல்வார். லாரி சீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொள்கிற விஷயமா இது? அதே படையில் இருந்த அவருடைய சிநேகிதரோ, "நாம அங்க போயிருக்கவே கூடாதுங்க" என்கிறார். இருவரும் ஒரே சாலைகளில் போய் வந்தவர்கள்.

இது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். வியட்நாமில் சண்டை போட்ட ஜான் கெர்ரி, 1971இல் அமெரிக்க செனட் குழு முன் அந்தப் போரையே கண்டித்துப் பேசினார். 1967 முதல் 1973 வரை அங்கே கைதியாக இருந்து சித்திரவதைப்பட்ட ஜான் மெக்கெய்ன், போரைச் சரியாக நடத்தியிருந்தால் ஜெயித்திருக்கலாம் என்ற கட்சி. பின்னாளில் இருவரும் செனட்டர்களாகி, வியட்நாமோடு உறவைச் சீராக்கச் சேர்ந்தே பாடுபட்டார்கள் என்பது தனிக்கதை.

அப்புறம், போரை நேரில் பார்த்தவர் என்றதும் ஏன் சீருடைக்காரரை மட்டும் நினைக்கிறோம்? பவானிசாகரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே எனக்குத் தெரிந்த ஓர் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். "இந்தியன் ஆமிக்கு மாலை போட்டு வரவேற்றனாங்கள். பிறகு அவையளுக்குப் பயந்து நல்லூர்க் கோயிலுக்குள்ள இருந்தனாங்கள்" என்பார். 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் இந்தியப் படையினர் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்தபோது மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என்று 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரியப்பாவின் கதையில் இது வராது. அவர் மறைக்கவில்லை, அவர் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

"நீ எல்லைக்குப் போனியா?" என்று வாயை அடைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1999 கார்கில் போரை ஆராய அரசு அமைத்த குழுவில் நான்கு பேர். தலைவர் கே. சுப்ரமண்யம், திருச்சியில் பிறந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஒருவர் பத்திரிகையாளர், ஒருவர் அரசுச் செயலர். ராணுவத்திலிருந்து வந்தவர் ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் ஒருவர்தான். உளவுத் தகவலில் இருந்த ஓட்டைகளை எழுதி வைத்தது அந்தக் குழு. 1987இல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ராஜீவ் காந்தியும் போர்முனையில் நின்றவர் இல்லை. விமானக் கம்பெனியில் பைலட்டாக இருந்தவர். படையை அனுப்பக் களஅனுபவம் தேவைப்படவில்லை, கேள்வி கேட்க மட்டும் வேண்டுமாம்.

ஒரு விஷயத்தில் பெரியப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது. படை சென்னை வந்து இறங்கியபோது, தமிழர்களைக் கொன்ற படை என்று முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அன்றைக்கு லாரி டிரைவரும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தார். அதிலிருந்து, யார் அந்தப் போரைக் குறை சொன்னாலும் தன்னைத் திட்டுவதாகவே அவருக்குப் படுகிறது. அதனால் "உங்களைச் சொல்லலீங் பெரியப்பா" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பேன். அப்படியும் பாதி நாள் சண்டையில்தான் முடியும்.